ஒன்பதாம் எண் கோட்டு

மச்சான்,

உங்கள் தகரப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் உங்கள் சுருட்டு வாசனை இன்னும் இருக்கிறது. நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, அது மட்டும் போகமாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த பிறகு நான்கு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை உலையைப் பார்க்க, ஒரு தடவை ஜன்னலைச் சாத்த. மற்ற இரண்டு தடவை எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் நம் பெரியவனால் வந்தது. நாளை மறுநாள் முஹர்ரம் பிறை. தெருவில் வேஷம் கட்டி வீடு வீடாகப் பாடும் போரியாவுக்கு ஒத்திகை நடக்கிறது, கொட்டுச் சத்தத்தில் அடுக்களைத் தட்டெல்லாம் ஆடுகிறது. காலையில் வந்து நின்றான்.

"அம்மா, இந்த வருஷம் எங்க கூட்டத்துக்குக் கப்பல்காரன் வேஷம்லா. அத்தாவோட பழைய கோட்டு இருக்குல்ல, எனக்குக் குடுங்க. தைக்கக் குடுத்தது பத்தாம போச்சு."

"அதைப் போட்டா உனக்குத் தோள் இறுக்குமேடா" என்றேன்.

"இறுக்கினா இறுக்கட்டும். அதைப் போட்டுத்தானே அத்தா உங்களைக் கட்டினாங்க?" என்று சிரித்தான். அவன் சிரிப்பைப் பார்த்தால் எந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலோ யாரோ நிற்கிறாள் என்று தோன்றுகிறது. அதை அப்புறம் விசாரிக்கிறேன்.

அந்தக் கோட்டை நான் இத்தனை வருடத்தில் கையில் எடுத்ததே இல்லை. வெயிலில் போடக்கூட நீங்களேதான் எடுத்துப் போவீர்கள். சாவியும் உங்கள் அரைஞாணில். கடைசி வாரத்தில், பேச மூச்சுப் பற்றாமல் கிடந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். "அந்தக் கோட்டை யாருக்கும் குடுத்துடாதே, புள்ளே. நீயே எடுத்துப் பாரு." பாசத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்து அழுதேன். இன்று காலை எடுத்துப் பார்த்தேன். இப்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வருகிறது.

கேளுங்கள். நான் சொல்லாமல் வைத்திருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் உங்கள் கூட்டத்துக்கு முப்பது கோட்டு தைக்கும் வேலை என் அத்தாவிடம் வந்தது. கருநீலத் துணி, நாலு ஓட்டைச் சிப்பிப் பொத்தான் ஆறு, கழுத்தில் வெள்ளைக் கரை. பள்ளிவாசல் பெரியவர்கள் போரியாவைத் திட்டுவார்கள். அத்தா ஐந்து வேளையும் அவர்களோடு நின்று தொழுதுவிட்டு வந்து போரியாவுக்குத் தைப்பார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்த காலம் அது. அவர் உங்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி அளவெடுத்துச் சத்தமாகச் சொல்வார், நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எழுதுவேன். பெயர் கிடையாது, எண்தான். ஒன்று முதல் முப்பது வரை. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் அதே எண்ணை நானே மையால் எழுதுவேன்.

பதினேழாம் எண்ணுக்கு அளவெடுத்தபோது திரை இடுக்கில் பார்த்தேன். உங்கள் கூட்டத்தின் வயலின்காரர். உயரமும் நிறமும் அவர் சிரித்த சிரிப்பும்! எனக்குப் பதினெட்டு வயது, மச்சான். வேறென்ன சொல்ல? அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நின்றது அவருக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் என் மனசில் எல்லாம் முடிவாகிவிட்டது.

போரியாக்காரர்கள் எங்கள் வீட்டு முன்னால் பாடி முடித்ததும் உள்ளே கூப்பிட்டு சர்பத் கொடுப்பது வழக்கம். நானும் அம்மாவும் திரைக்குப் பின்னால் நின்று குவளையை நீட்டுவோம். திரைக்கு இப்பால் எனக்குத் தெரிவது ஒரு கையும், நெஞ்சும், பொத்தான் வரிசையும் மட்டுமே. முகம் தெரிந்தாலும் பயனில்லை. முப்பது பேருக்கும் மாவுப் பூச்சும் கறுப்புக் கண்ணாடியும். அதனால் ஒரு வேலை செய்தேன். பதினேழாம் எண் கோட்டில் மேலிருந்து இரண்டாவது பொத்தானை மட்டும் சிவப்பு நூலால் தைத்தேன். அந்தப் பொத்தான் வரும்போது சர்பத்தோடு அத்தர் தடவிய கைக்குட்டையையும் கையில் வைத்துவிடுவது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கோட்டுகளை வாங்கிப்போக மூன்று நாள் முன்னதாகவே வந்தவர் நீங்கள். கூட்டத்தின் துணிமணிக்குப் பொறுப்பு உங்களுக்கு. குட்டையாக, காது விடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் உதறிப் பார்த்து எண்ணினீர்கள். "என்னப்பா, என் தையல்ல குத்தம் பாக்கிறியா?" என்று அத்தா கேட்டார். "இல்ல மாமா, பொத்தான் சரியா இருக்கான்னு பாக்கிறேன்" என்றீர்கள். அந்தப் பேச்சை நான் கேட்டேன், மச்சான். கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறை ஐந்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தீர்கள். கொட்டும் வயலினும் தெருவை இரண்டாக்கின. பாட்டு முடிந்து ஒவ்வொரு கையாக வந்தது. எட்டோ ஒன்பதோ குவளை கொடுத்திருப்பேன். சிவப்பு நூல் வந்து நின்றது. என் கை நடுங்கி சர்பத் பாதி தரையில் சிந்தியது. கைக்குட்டையை அந்தக் கைக்குள் திணித்துவிட்டு அடுக்களைக்கு ஓடிப்போனேன்.

பத்து நாள் கழிந்து உங்கள் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் கேட்டு வந்தவர், "உங்க பொண்ணுக்கும் சம்மதம்தான், அதுவே கையில குடுத்திருக்கு" என்று கைக்குட்டை விஷயத்தைப் போட்டு உடைத்தார். அம்மா என்னை உள்ளே இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினார். "குடுத்தியாடி?" என்றார். "குடுத்தேன்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா? மாப்பிள்ளைக்குக் கப்பல் சாமான் கடையில் வேலை என்றார்கள். வயலின்காரர் பகலில் அங்கேதான் இருக்கிறார் போலிருக்கிறது என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நிக்காஹ் அன்று அத்தாவும் இரண்டு சாட்சிகளும் திரைக்கு வெளியே நின்று உங்கள் பெயரைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். அவர் பெயர் இதுதானா என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

பிறகு நீங்கள் உள்ளே வந்தீர்கள். முக்காட்டை விலக்கினீர்கள். விடைத்த காது.

என் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். "பயந்துட்டியா, புள்ளே?" என்று கேட்டீர்கள். புதுப்பெண்ணின் பயத்தைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து ஆமாம் என்றேன்.

கோட்டு மாறிப்போய்விட்டது என்றுதான் நான் இத்தனை காலம் நம்பினேன். முப்பது பேர் அவசரமாக உடுத்தும் இடத்தில் பதினேழை நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், பாவம், உங்கள்மேல் தவறில்லை, நான்தான் இன்னொருவனுக்கு வைத்ததை உங்களுக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டேன். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருபத்துநான்கு வருடம் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். பெருநாளுக்கு வீடு நிறைந்தால் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். முப்பது பேரில் மாப்பிள்ளையை எப்படித்தான் கண்டுபிடித்தாளோ என்று வியப்பார்கள். பிள்ளைகள் உங்கள் மடியில் ஏறிக் கேட்பார்கள். "அதை அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சுருட்டை எடுத்துக்கொண்டு வாசல் ஐந்தடி நடைக்கு எழுந்து போய்விடுவீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பெருமையில் போகிறீர்கள் என்று நினைத்தேனே, அட மடச்சி!

இன்று கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். கழுத்துப் பட்டியில் என் கையெழுத்து. ஒன்பது. பதினேழு இல்லை, மச்சான், ஒன்பது. இது உங்கள் அளவுக்குத் தைத்த உங்கள் கோட்டு. அப்புறம் அந்த இரண்டாவது பொத்தானைப் பார்த்தேன். நான் நாலு ஓட்டையில் இரண்டு கோடாகத்தான் தைப்பேன், அத்தா அப்படித்தான் பழக்கினார். இதில் நூல் குறுக்கே பெருக்கல் குறி போட்டிருக்கிறது. முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. நூலும் என் நூல் இல்லை. உங்கள் கடையில் கப்பல் கொடி தைக்க விற்பார்களே, அந்தத் தடித்த சிவப்பு நூல். உள்பக்கம் துணியில் பழுப்பாக இரண்டு சொட்டு. ஊசி விரலில் ஏறியிருக்கிறது.

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! சட்டையில் பொத்தான் அறுந்தால் பச்சைப் பிள்ளைபோல் என் முன்னால் வந்து நிற்பீர்கள். நான் தைக்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. "பாத்துத் தையி, புள்ளே. பொத்தான் ஓடிப்போயிடும்." பொத்தான் எங்கேயாவது ஓடுமா என்று நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பீர்கள்.

ஆக, பதினேழில் என் சிவப்பைப் பார்த்திருக்கிறீர்கள். என் அத்தா கடையில் ஒரு பொத்தானுக்கு மட்டும் தவறிக்கூட நூல் மாறாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது யாருடைய கோட்டு என்றும் தெரியும். அதை வெட்டிப்போட்டு நீலத்தில் தைத்துவிட்டு, உங்கள் கோட்டில் சிவப்பு வைத்துக்கொண்டீர்கள். திருட்டு! பட்டப்பகல் திருட்டு!

இதை எழுதிவிட்டு மறுபடியும் எழுந்து போனேன். முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த வயலின்காரர் நம் கல்யாணத்துக்கு முன்பே நாடகக் கூட்டத்தோடு மேடானுக்குக் கப்பலேறிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். முதல் வருடம் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த முஹர்ரத்தில் கூட்டம் வந்து கூப்பிட்டபோது, "என் வேஷம் முடிஞ்சு போச்சு" என்று அனுப்பிவிட்டீர்கள். பிறகு எப்போது அழுகை நின்றது என்று எனக்கு நினைவில்லை. கப்பலிலிருந்து வரும் பால் டின்னை ஒரு துணியில் சுற்றி, யாரும் பார்க்காமல் எனக்கு மட்டும் கொண்டுவந்து தருவீர்களே, அந்த நாள்களில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

சின்னவள் வயிற்றில் இருந்த வருடம் அவர் திரும்பி வந்தார். உங்களுக்கும் நினைவிருக்கும். இன்னொரு தெருக் கூட்டத்தோடு நம் வீட்டு வழியாகவே வாசித்துக்கொண்டு போனார். மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் வாசித்தார். கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள். டிராம் பிடிக்காமல் கரையிலிருந்து ஓடியே வந்திருக்கிறீர்கள், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கமாக அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான் வருவீர்கள். வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். ரொம்ப நேரம். கடைசியில், "கஞ்சி இருக்கா, புள்ளே?" என்றீர்கள். பசி என்று நினைத்தேன். இரண்டு கிண்ணம் ஊற்றினேன், நீங்கள் ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

அன்று உங்களுக்கு என்ன பயம் என்று இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. இருபத்துநான்கு வருடமும் அதே பயத்தோடா இருந்தீர்கள்? அவளாகக் கொடுத்ததில்லை, நானாக எடுத்தது என்று? சொல்லித் தொலைத்திருக்கலாமே! நான் கோபப்பட்டிருப்பேன். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் நானும் என்னுடையதைச் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒரே பொத்தானை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோமே, மச்சான். இதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

அன்று நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஜன்னலில் நின்று வயலின் கேட்டேன், உண்மைதான். அது தெருமுனை திரும்புமுன் ஜன்னலை விட்டு வந்துவிட்டேன். கஞ்சி அடியில் பிடித்துவிடும், நீங்கள் வந்தால் அடிப்பிடித்த கஞ்சி பிடிக்காது என்று கிளறப் போனேன். நீங்கள் ஓடிவந்து நின்றபோது என் கையில் அகப்பை இருந்ததைக் கவனிக்கவே இல்லையா?

சற்றுமுன் பெரியவன் மறுபடியும் வந்தான். கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பொத்தான் ஆடுதேம்மா, ஒரு தையல் போட்டுக் குடுங்க" என்றான்.

"ஆடட்டும். அதைத் தொடாதே" என்றேன். "துணி எடுத்துட்டு வா. உனக்கு ராவோட ராவா நான் புதுசா தைச்சுத் தரேன். இது உங்க அத்தாவோடது."

என் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று விழித்துவிட்டுத் துணிக்கடைக்குப் போயிருக்கிறான்.

நீங்கள் அந்தப் பழைய கைக்குட்டையை நூல் நூலாகும்வரை வைத்திருந்தீர்கள். அதனால் வேறொன்று எடுத்தேன். அத்தர் தடவி நான்காக மடித்து, கழுத்துப் பட்டியின் எண்ணை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒன்பதாம் எண் கோட்டின் பையில் வைத்தேன். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. யாருக்குக் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.