எட்டு மணிக்குப் பாதி, பத்து மணிக்குப் பாதி

என் அன்புள்ளவருக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் மகளும் நலமாக இருக்கிறோம். கடல் உங்களை அதிகம் ஆட்டி வைக்கவில்லை என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் உங்களுக்கு இன்ஜின் அறையில் அவசர வேலை வந்துவிடுகிறது. கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது. துறைமுகத்தில் கைக்குக் கிடைத்ததும் முழுதாகப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு கோபப்படுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. இப்போது மூடினால் மூடுகிறது. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போட்டோ எடுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ரொட்டிக் கடையில் நின்று நின்று என் முழங்கால் வீங்கியிருக்கிறது. நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? இந்தக் கடிதத்தைப் படிக்கும் நாளிலாவது போட்டுக்கொள்ளுங்கள்.

இனி விஷயம். உங்கள் அண்ணன் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. 'எனக்கும் சேத்து நீயே போட்டுடு, அண்ணன் பக்கம் நிக்கிறதுதான் மரியாதை' என்று நீங்கள் போனில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. சரியாகக் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். அது தப்பு. இப்போது பதில் சொல்கிறேன்: முடியாது.

நீங்கள் கப்பல் ஏறிப் பதினோரு மாதம் ஆகிறது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அண்ணன் சொன்னதுதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடகர் குழு ஆலயத்தில் முன்னால் உட்காருவதா, மாடியில் உட்காருவதா என்பதில்தானே ஆரம்பித்தது? முன்னால்தான் என்றார் பாடகர் தலைவரான உங்கள் அண்ணன். ஊரே 'தாளம்' என்று கூப்பிடுகிற மனிதர் மாடிக்குப் போவாரா? மாடிதான் என்றார் சபை மூப்பரான ஹெட்மாஸ்டர். அப்புறம் 'இது உங்க அப்பா கட்டினதா' என்று ஒருவர் கேட்க, 'உங்க அப்பாவும் கட்டல' என்று மற்றவர் சொல்ல, அதோடு பாட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். உங்கள் அண்ணன் கூட்டத்துக்குக் காலை எட்டு மணி ஆராதனை, ஹெட்மாஸ்டர் கூட்டத்துக்குப் பத்து மணி. பாவம் போதகர், ஒரே பிரசங்கத்தை இரண்டு தடவை செய்கிறார். இரண்டு தரப்பும் அதை மற்றவர்களுக்கென்று நினைத்துத் தலையாட்டுகிறது.

திருவிருந்தில் சபைக்குப் பிட்டுக் கொடுக்கிற அப்பம் எட்டு வருடமாக நான் சுடுவதுதான் என்று உங்களுக்குத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு, கடையின் காலை ரொட்டி முடிந்ததும் ஓவனின் அதே சூட்டில் உருண்டையாக ஒன்று. பிரிந்த பிறகு, ஆளுக்கு ஒன்று என்று இரண்டு கேட்டார்கள். நானும் யோசிக்காமல் சுட்டுக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

முதல் மாதம் பத்து மணி அப்பம் கொஞ்சம் சப்பையாகிவிட்டது. 'எங்களுக்குன்னா மட்டும் உப்ப மாட்டேங்குதோ' என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். அடுத்த மாதம் கடைத் தராசில் மாவை நிறுத்துப் போட்டேன். அப்போது எட்டு மணி அப்பம் ஒரு பக்கம் சிவந்துவிட்டது. 'நம்ம வீட்டுப் பொண்ணே நமக்குக் கருகினதைக் குடுக்குது' என்று உங்கள் அண்ணன் நாலு பேர் கேட்கச் சொன்னார். மூன்றாவது மாதம் நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அப்பத்தின் பக்கத்தில் வைத்தார். ஆண்டவருடைய மேசையில், என் கண் முன்னால்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு மூட்டை மாவைத் தனியாகப் பிசைந்திருப்பேன். அடுத்த மாதம் ஒரே ஒரு அப்பம் சுட்டேன். ஆறவைத்து, கத்தியால் சரிபாதியாக வெட்டினேன். ஒரு பாதியை வெள்ளைத் துணியில் சுற்றி எட்டு மணிக்கு மேசையில் வைத்தேன். மறு பாதியைப் பத்து மணிக்கு வைத்தேன்.

போதகர் துணியை விலக்கினார். வெட்டின பக்கம் சபையைப் பார்த்து இருந்தது. நாமெல்லாம் ஒரே உடல் என்று மாதாமாதம் வாசிப்பாரே, அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே வாசித்தார். முடிந்ததும் உங்கள் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, மீதி எங்கே என்றார். பத்து மணிக்காரர்களுக்கு என்றேன். பத்து மணிக்கு ஹெட்மாஸ்டரும் அதையே கேட்டார். எட்டு மணிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்றேன். இனி முழுசாகக் கொண்டு வா, இல்லாவிட்டால் கொண்டு வராதே என்று இருவருமே சொன்னார்கள். 'முழுசா வேணும்னா எல்லாரும் ஒரே நேரத்துக்கு வாங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் அண்ணனிடம் நான் குரலை உயர்த்தியது இந்தப் பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் இந்தத் தாள். எந்தக் குடும்பம் எந்த நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்கு எட்டு மணியிலும் திருவிருந்து கிடையாது, பத்து மணியிலும் கிடையாது. இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவு. இந்தப் பதினோரு மாதத்தில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். போதகர் வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். அவர் பேச்சு எடுபடவில்லை. அப்பம் சுடும் வேலையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த மாதம் ஆளுக்கு ஒரு ரொட்டியைக் கடையில் வாங்கினார்கள். எந்தக் கடை என்கிறீர்கள்? எங்கள் கடைதான். இரண்டையும் பிசைந்தது நான்தான்.

போன ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் போனேன். எட்டு மணிக்கு உங்கள் அண்ணன்தான் தட்டைக் கொண்டு வந்தார். கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளிடம் நீட்டினார். எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. பத்து மணிக்கு மறுபடியும் போய் உட்கார்ந்து மறுபடியும் கையை நீட்டினேன். ஹெட்மாஸ்டரும் தாண்டிப் போனார்.

என் வரிசையில் நர்ஸ் அக்கா உட்கார்ந்திருந்தார். மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது மூன்று நாள் நம் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொண்டாரே, அவர்தான். அவர் பத்து மணிப் பக்கம். சண்டை நாளில் உங்கள் அண்ணனை 'ஆட்டம் போடுற ஆளு' என்று அவர் சொன்னதற்காக நான் அவரோடு பேசுவதையே விட்டிருந்தேன். எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன். ஊருக்கெல்லாம் அப்பத்தை வெட்டிக் காட்டிய எனக்கு அது ஒரு நாளும் உறுத்தவில்லை. இதை உங்களிடம் மறைத்தால் மற்றதெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா தனக்குக் கிடைத்த துண்டை விரல் நுனியில் இரண்டாக்கினார். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். ஒரு பருக்கை அளவுகூட இருக்காது. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மதியம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். 'அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல அந்த முழங்காலக் காட்டு' என்றார்.

செவ்வாய்க்கிழமை அக்காவின் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இனி நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நேரத்துக்கும் போவதாக இருக்கிறோம். கொடுத்தால் வாங்குவோம். கொடுக்காவிட்டால் கையை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். வெளியே போகச் சொன்னால் போக மாட்டோம். இந்தச் சபையில்தான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன், இங்கேதான் உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன். பாதிச் சபைக்கு நான் அங்கத்தினர் இல்லை.

போன வருடக் கடைசியில் புயலில் மாட்டிக்கொண்டபோது நீங்கள் எழுதியது நினைவிருக்கிறதா? எந்தெந்தச் சபையையோ சேர்ந்த ஐந்து பேர் சாப்பாட்டு அறையில் முழங்கால் போட்டு, இருந்த பிஸ்கட்டை உடைத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டீர்கள். அப்படி ஒரு ஜெபம் நான் பண்ணினதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்று நீங்கள் யாரிடமாவது 'நீ எத்தனை மணி ஆராதனை' என்று கேட்டீர்களா? கப்பல் மூழ்குகிற பயம் வந்தால்தான் நமக்கு இதெல்லாம் புரியுமா? உங்கள் அண்ணன் எனக்குப் பகை இல்லை. அவர் பாடினால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவர் பக்கமும் நான் நிற்பேன், ஹெட்மாஸ்டர் பக்கமும் நிற்பேன். ஒருவரை விட்டுத்தான் மற்றவரிடம் வர வேண்டும் என்றால் இருவர் பேச்சையும் கேட்க மாட்டேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயருக்கு நேரே வெறுமையாக இருக்கும். அது அப்படியேதான் இருக்கும். உங்கள் பெயருக்கு நேரே நான் எழுத மாட்டேன். அது உங்கள் மனசாட்சி. நீங்கள் அண்ணன் பக்கம் போட்டாலும் நான் உங்களுக்குச் சமைத்துப் போடுவேன், சட்டை தேய்த்து வைப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பார்ப்பேன். அதற்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்த மாதம் இறங்குகிறீர்கள். வந்த வாரமே முதல் ஞாயிறு. உங்கள் அண்ணன் தட்டோடு வருவார். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களிடம் நீட்டுவார், என்னைத் தாண்டிப் போவார். உங்கள் கையில் அப்பம் இருக்கும்போது நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக.

என்றும் உங்கள்,
ரொட்டிக்காரி