ஜெனரல் தூங்கிய பதினோரு ஆண்டுகள்

என்றும் என் அன்புக்குரிய அப்பாவுக்கு,

நம் முடிச்சூர் நகர் நலச் சங்கத்தின் செயற்குழு மூன்று முறை கூடி, ஒரு வெளிநடப்பையும் சந்தித்து, கடைசியில் உங்கள் புத்தகத்தின் அட்டை நீல நிறத்தில் இருக்கும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மற்ற நிறங்கள் எல்லாம் ஏதோ ஒரு கட்சியின் கொடியை நினைவுபடுத்தின. வெளிநடப்பு செய்தவர் தெருமுனை வரை போய்விட்டு, குடையை மறந்ததால் திரும்பி வந்தார்.

ஆமாம், புத்தகம். உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளில் அதை வெளியிடச் சங்கம் ஆசைப்பட்டது. பேட்டையின் இலவச வார இதழில் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாரான நீங்கள் எழுதிய ஜப்பானிய ஜெனரலின் வாழ்க்கை, பதினாறு அத்தியாயங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போகும் இதழ்களிலிருந்து அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்ட வீடுகள் இங்கே உண்டு.

போன மாதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். பனி கொட்டும் சிற்றூரில் ஏழை வீட்டுப் பிள்ளையாகப் பிறக்கிறார். ராணுவப் பள்ளியில் சேர்கிறார். சீனாவில் சண்டை போடுகிறார். பிறகு மலாயா. அவருடைய சைக்கிள் படைக்கு நீங்கள் ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறீர்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். அந்த இரைச்சலைப் பீரங்கி வண்டி என்று நினைத்து வெள்ளைக்காரன் ஓடினானாம். தாம்பரம் டீக்கடையில் இதை நீங்கள் சொல்லும்போது வடை கருகிய நாட்கள் உண்டு.

பதினாறாவது அத்தியாயம், வென்ற சிங்கப்பூரில் ஜெனரல் குளித்துவிட்டுத் தூங்கப் போவதோடு முடிகிறது. அதன்பின் நீங்கள் அவரை எழுப்பவே இல்லை. கேட்டவர்களிடம் "தகவல் திரட்டிக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். பதினோரு ஆண்டுகள் திரட்டினீர்கள்.

தூங்கி எழுந்தவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஆள் பிடிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிடித்த ஆட்களில் ஒருவர் கோவிந்தன். உங்கள் அப்பா. போர் முடிந்ததும் ஜெனரலுக்கு விசாரணை நடந்தது, கொஞ்ச காலம் சிறை, பிறகு விடுதலை. சொந்த ஊரில், சொந்தப் படுக்கையில் இறந்தார். அவர் இறந்த தேதி உங்கள் குறிப்புகளில் இருக்கிறது. அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாத தாத்தா இறந்த தேதி யாரிடமும் இல்லை. அதனால்தான் அவருக்கு மட்டும் மகாளய அமாவாசையில் திதி கொடுத்தீர்கள். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து, அன்று மாலையே ஜெனரலைப் பற்றி எழுத உட்காருவீர்கள். அந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் என்ன நினைத்தீர்கள் அப்பா?

செம்பாக்கத்துக்குப் போய் அத்தையிடம் புத்தகச் செய்தியைச் சொன்னேன். உங்கள் அக்காவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது நன்றாகவே கேட்கிறது.

"ஏன்டா, சைக்கிளுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. எங்கப்பாவுக்கு ஒரு வரி இல்லையா?"

"அப்பா அதுவரைக்கும் எழுதல அத்தை."

"எப்படி எழுதுவான்? அரிசி தர்றோம், மூணு மாசத்துல திருப்பி விட்டுடறோம்னுதான் லாரியில ஏத்தினாங்க. உங்கப்பன் பின்னாடியே ஓடி டாட்டா காட்டினான். பக்கத்துல சைக்கிள்ல ஒரு சிப்பாய் நின்னான், அவனுக்கும் சேர்த்து." பிறகு, "நான் போறதுக்குள்ள எங்கப்பா பேரை அச்சுல பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

ஜெனரல் பெரிய மனிதராக இருந்தால், அந்த லாரி ஏதோ பெரிய காரியத்துக்காகப் போனது என்று ஆகிவிடும். அதற்காகத்தான் அவரை இவ்வளவு உயரமாக வளர்த்தீர்களா? இல்லை, உங்களுக்கு உண்மையாகவே சைக்கிள் பிடிக்குமா?

பதினேழாவது அத்தியாயத்தை நான் எழுதினேன். இரண்டே பக்கம். நான் வழக்கமாக எழுதும் நையாண்டிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. சங்கத் தலைவர் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்று படித்தார்.

"தம்பி, தப்பா நெனைச்சுக்காத. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல கீற ஜப்பான் கம்பெனிலேர்ந்து ஜப்பான் சார் விழாவுக்கு வராரு. என் ஷெட்டத்தான் அவங்க வாடகைக்கு எடுத்துகினு கீறாங்க. மேடைல குந்தவச்சு இதைப் படிச்சா இன்னா நெனைப்பாரு?"

"அவர் அப்போ பொறக்கவே இல்லையே அண்ணா."

"அதத்தான் நானும் சொல்றேன். அவரும் பொறக்கல, நீயும் பொறக்கல. நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாத்தியாரே எழுதலையே, தம்பி."

அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

மற்றவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். 2015 வெள்ளத்தில் உங்களைப் படகில் ஏற்றிவிட்டு, உங்கள் காகிதக் கட்டுகளைத் தலையில் சுமந்து கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தவர் இவர். அந்தப் பதினாறு அத்தியாயங்களும் இன்று இருப்பதே அவரால்தான். இருந்தாலும், பதினேழு இல்லாமல் புத்தகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்" என்றார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன். செயற்குழு அன்றைக்கே கூடிப் புத்தகத்தைக் கைவிட்டது. இந்த முறை யாரும் வெளிநடப்பு செய்யவில்லை.

நீங்கள் எழுதிய ஒரு வரியையும் நான் வெட்டமாட்டேன் அப்பா. சைக்கிள்கள் அப்படியே ஓடட்டும். ஆனால் ஜெனரல் தூங்கி எழுவார், லாரி வரும், கோவிந்தன் என்ற பெயர் அச்சில் ஏறும். அத்தைக்குக் கண்பார்வை இருக்கும்போதே அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுப்பேன். இது உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து நான் தரும் வாக்கு.

புத்தகத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் சங்கம் பூங்காவில் ஒரு சிமென்ட் பெஞ்ச் போட்டிருக்கிறது. அதன் முதுகில் ஏழுமலை அண்ணனுடைய அப்பாவின் பெயரை, பிறந்த தேதி, இறந்த தேதியோடு பொறித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்,
கோவிந்தனின் பேரன்