அரிவாள் படாத புண்

டாக்டரம்மா,

நேற்று பாய் கடைக்குப் போயிருந்தேன். நோன்பு திறக்கிற நேரம். உட்காரவைத்து ஒரு தட்டு நிறையக் கடல்பாசி கொடுத்தார். சிவப்பாக, கண்ணாடி போல, தொட்டால் நடுங்குகிற பண்டம். "துன்னுய்யா, சூட்டுக்கு நல்லது" என்றார். எனக்கு வாய்க்குள் போகவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. அந்தத் தட்டில் உங்கள் முகம்தான் தெரிந்தது.

உங்களை முதலில் பார்த்தபோது நீங்கள் அதைத்தானே காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியின் பின்னறை. கறி வேகவைத்த தண்ணீரில் கடல்பாசியைக் கரைத்து, அதில் ஆட்டு ரத்தத்தை ஊற்றினீர்கள். அடியில் விளக்கெரிகிற தகரப் பெட்டி ஒன்றுக்கு இரும்புக் கால் பொருத்த என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள்.

"இன்னா டாக்டரம்மா, ரத்தப் பொரியலா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்டேன்.

"கிருமிக்கு நாஷ்டா" என்றீர்கள், சிரிக்காமல்.

சீழைத் தொட்ட பஞ்சை அந்தத் தட்டில் தேய்த்துப் பெட்டிக்குள் சூடாக வைத்தால், நாற்று போல முளைத்து எந்தக் கிருமி என்று காட்டிவிடும் என்றீர்கள். நடுவில் மருந்து தோய்த்த காகித வட்டம் ஒன்று. அந்த மருந்துக்குச் சாகிற கிருமியானால் வட்டத்தைச் சுற்றி ஒன்றும் முளைக்காது. உலைக்காரனுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? நீங்கள் சொன்னீர்கள். கிருமி யார் மூக்கில் குடியிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தீர்கள். "எம் மூக்குல பொடிதாம்மா கீது" என்று வாட்ச்மேன் அழாத குறையாகச் சொன்னதும், அவர் தும்மியதில் உங்கள் கண்ணாடி கறுத்துப்போனதும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆனால் நீங்கள் வந்தது சிரிக்கிற காரியத்துக்கு இல்லை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் கிடந்த கொஞ்சம் தண்ணீருக்காக எங்கள் மேலூரும் கீழூரும் மதகடியில் வெட்டிக்கொண்டன. ஒருவன் காது சேற்றில் கிடந்ததை நானே பார்த்தேன். மேலூர் ஆட்கள் போலீசுக்குப் பயந்து ஓடிப்போனார்கள். கீழூர் ஆட்கள் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். பெனிசிலின் ஊசி போட்டால் எமன் திரும்பிப் போய்விடுவான் என்று ஊர் நம்பிய காலம். ஊசி மேல் ஊசி போட்டார்கள். புண்ணோ ஆறவில்லை, அழுகியது. கீழூரில் பெரிய கை தணிகாசலம். அவருடைய தம்பி தொடையிலிருந்து சீழ் வடிந்தே செத்தான்.

ஊசிக்கும் கேட்காத புண் என்றால் அது விஷம் என்று கீழூர் முடிவு கட்டியது. மேலூர் அரிவாள் எல்லாம் நான் அடித்தது. பழுத்த இரும்பை நான் முக்குகிற தொட்டித் தண்ணீரில் எருக்கம்பாலைக் கலந்துவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் வந்து என் தொட்டியிலும் பஞ்சைத் தோய்த்து எடுத்துப்போனீர்கள். மறுநாள், நீங்கள் முடிவைச் சொல்வதற்குள், தம்பியைப் புதைத்துவிட்டு நேரே என் உலைக்கு வந்துவிட்டார்கள்.

உச்சி வெயில். பேச்சே இல்லை. முதல் அடியில் என் பல் தெறித்தது. தலைமயிரைப் பிடித்து இழுத்து, என் பட்டறைக்கல்லிலேயே என் வலது கையை வைத்து அழுத்தினார்கள்.

"எந்தக் கையால முக்குன? இந்தக் கைதானே?" என்றார் தணிகாசலம்.

"அண்ணா, எம் புள்ளைங்க மேல ஆணை. வெறும் தண்ணிண்ணா."

"தண்ணியில அழுவுமாடா தொடை?"

என் சுத்தியலை அவரே எடுத்தார். இரும்பை அடிக்கும்போது வருகிற ஓசை எனக்குத் தெரியும். எலும்பின் ஓசை வேறு. அடுத்த அடி தலைக்குத்தான் என்று தெரிந்தது. யாரோ உலையிலிருந்து பழுத்த கம்பியை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் நீங்கள் ஓடி வந்தீர்கள். செருப்பு இல்லை. மார்போடு அணைத்த துண்டில் அந்தத் தட்டுகள்.

"தள்ளு டாக்டரம்மா, இது ஊர் பேஜாரு" என்றார் தணிகாசலம்.

நீங்கள் நகரவில்லை. எனக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நின்று ஒரு தட்டைத் திறந்தீர்கள். "இது உன் தம்பி புண்ணுல இருந்து எடுத்தது. பாரு, மஞ்சளா, பொட்டுப் பொட்டா. பெனிசிலின் வட்டத்தை ஒட்டியே முளைச்சிருக்கு. இந்தக் கிருமி அந்த மருந்தையே தின்னுடுது. இன்னொண்ணு இவன் தொட்டித் தண்ணி. வேற அழுக்கு இருக்கு, இது இல்ல."

"தட்டக் காட்டி ஏமாத்துறியா?"

மூன்றாவதைத் திறந்தீர்கள். "இது உன் மக மாருல வந்த கட்டி. பிரசவத்துக்கு எங்க ஆஸ்பத்திரியில வந்து படுத்தவ. அதே கிருமி. அவளை எந்த அரிவாள் வெட்டிச்சு, சொல்லு."

கம்பி பிடித்தவன் கை இறங்கியது. தணிகாசலம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ யாரு கொண்டாந்தது?"

"எங்க ஆஸ்பத்திரிதான். எங்க கையில இருந்து போயிருக்கு."

"யாரு கை? பேர சொல்லு."

"என் கைன்னு வெச்சுக்கோ."

"பேர சொல்லும்மா!"

நீங்கள் தட்டுகளை மூடித் துண்டில் சுற்றினீர்கள். கூட்டத்திலிருந்து வந்த தடி உங்கள் நெற்றியில் விழுந்தது. தட்டுகள் உடைந்தன. வெள்ளைச் சேலை மடிவரை ரத்தம். விழுந்த இடத்திலிருந்தே, "யாரும் தொடாதீங்க!" என்று கத்தினீர்கள். என் இடுக்கியை எடுத்து, கண்ணில் ரத்தம் வழிய வழிய, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி உலை நெருப்பில் போட்டீர்கள். அடித்தவர்கள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவன்டா பொம்பளைய அடிச்சவன்?" என்று தணிகாசலம் தன் ஆளையே உதைத்தார். பிறகு சுத்தியலைக் கீழே போட்டார். "எம் பொண்ணு பொழைப்பாளா?"

"வேற மருந்துல இது சாகுது, பார்த்துட்டேன். பட்டணத்துல இருந்து வரவெச்சிருக்கேன். நீ இந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுப் போ, நான் போய் அவளைப் பார்க்கணும்."

அந்தப் பெண் பிழைத்தாள். மிச்சம் இருந்தவர்களும் எழுந்து நடந்தார்கள்.

என் கைக்கு நீங்களே கட்டுப் போட்டீர்கள். உங்கள் நெற்றிக் கட்டு நனைந்திருந்தது. வழக்கமாகக் கட்டுப் போடுகிறவர் அறைக்குள் வரவில்லை. வெளியே தொட்டியருகே நின்று சோப்பைப் போட்டுக் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். தோல் உரிந்து சிவந்துபோகிற வரைக்கும் கழுவினார். நான் அவரைப் பார்த்தேன். நான் பார்ப்பதை நீங்கள் பார்த்தீர்கள்.

"அவரா?" என்று கேட்டேன்.

"நான் கிருமிக்குத்தான் பேர் கண்டுபிடிப்பேன். கையை அசைக்காதே" என்றீர்கள்.

என் விரல்கள் கோணலாகத்தான் கூடின. இடது கையால் சுத்தியல் பிடிக்கப் பழகினேன். போன ஆடியில் தணிகாசலம் கோல் ஊன்றிக்கொண்டு உலைக்கு வந்தார். வெகுநேரம் என் வலது கையையே பார்த்தார்.

"சாவறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்டா. எந் தம்பிய கொன்ன கை யாருது? உனக்குத் தெர்யும்."

"தெர்யாதுண்ணா."

"உங்கைய ஒடச்சவன் கேக்குறேன்னு சொல்ல மாட்றியா?"

அந்த நேரம் பார்த்து, அன்றைக்குத் தொட்டியருகே கை கழுவிய அந்த மனிதர் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே போனார். போகிறபோது எங்கள் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டார். தணிகாசலமும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டு துருத்தியை ஊதினேன்.