சீசன் முடியட்டும் என்றேன்

அன்பு மல்லிகாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் 'பெறுநர்' என்று தொடங்கி, இரண்டு குறை சொல்லி, கையெழுத்தில் முடிந்த கடிதங்கள்தான். 'அன்பு' என்று எழுதக் கை கூசுகிறது. படித்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

போன நவம்பர் மழையில் நெஞ்சுவலி என்று படுத்தவள், நாற்பத்தேழு வயதில் போய்விட்டாய். அரவேணு பக்கத்து உன் கிளை நூலகத்துக்கு இப்போது சித்ரா வந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய். உன்னைப் போலவே நிரந்தரமில்லாத வேலை. நேற்று குன்னூர்த் தலைமை நூலகத்துக்கு வந்து என் மேசையில் ஒரு விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போனாள். மே மாதம் கோவையில் தொடங்கும் நூலக அறிவியல் சான்றிதழ் வகுப்பு. என் பரிந்துரையோடு நாளை தபாலில் போக வேண்டும்.

நீ மூன்று வருடம் வைத்த அதே விண்ணப்பம். நேற்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மல்லிகா. எழுந்து ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வருகிறேன், அது அங்கேயே இருக்கிறது.

அந்த மூன்று முறையும் நான் சொன்னது ஒன்றுதான். "மே மாசம் சீசன். பிள்ளைங்களுக்கு லீவு, கிளையில கூட்டம். யாரு தெறக்கறது? சீசன் முடியட்டும்." சீசன் முடியும்போது விண்ணப்பத்துக்கான நாளும் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாம் முறை நீ கேட்டாய்: "ஏனுங்க மேடம், மே மாசம் சீசன், ஜூன்ல மழை, டிசம்பர்ல பனி. நானு படிக்கறதுக்குன்னு பதிமூணாவது மாசம் ஒண்ணு வருமுங்களா?"

நான் சிரிக்கவில்லை. "உனக்கு எதுக்கு சர்டிபிகேட்? எனக்குத் தெரிஞ்ச நல்ல லைப்ரரியன் நீதான்" என்றேன்.

"அதைய வாயில சொல்றீங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, போதும்."

எழுதித் தரவில்லை. அந்த வகுப்புகளில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவள் அப்படி நினைக்கலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நூலகர் பதவிக்கு மனுகூடப் போட முடியாதவள் எப்படி நினைப்பாள்? கிளையை மூட வேண்டுமே என்றுதான் தடுத்தேனா? இல்லை, நீ என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவாய் என்றா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் ஜன்னலோர அலமாரியை நான் கலைத்துவிட்டேன்.

வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து படிக்க நீ அடுக்கிய அலமாரி. மூன்று தட்டு, மூன்று சீட்டு, உன் கையெழுத்தில்: 'கால் மணி', 'அரை மணி', 'மண் சரிஞ்சா'. மண் சரிந்து பாதை அடைபட்ட நாளுக்குத் தடித்த நாவல்கள். ஆய்வுக்கு வரும்போதெல்லாம் கண்டித்தேன். கதையும் சமையலும் கோழி வளர்ப்பும் ஒரே தட்டில் இருப்பது எந்த நூலக முறை என்று கேட்டேன். "இது பஸ் முறைங்க மேடம்" என்றாய்.

டிசம்பரில் புத்தக இருப்பைச் சரிபார்க்க வந்தபோது, மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வகைப்பாட்டு எண்ணின்படி அடுக்கினேன். உனக்குச் செய்யும் மரியாதை என்றே நினைத்தேன். நாலாம் நாள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ராஜம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பஸ் பொஸ்தகமெல்லாம் எங்கீங்க?"

"எல்லாம் அதது நம்பர் இடத்துல இருக்கு. தேடிப் பாருங்க."

"தேடறதுக்குள்ள பஸ் போயிருமுங்களே" என்று வெளியே போய்த் தூறலில் நின்றாள். இப்போதும் பஸ்ஸுக்கு வருபவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். சீட்டுகளை மட்டும் நான் தூக்கி எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று கேட்காதே.

பிப்ரவரியில் எனக்கே உத்தரவு வந்தது. ஊட்டியில் ஐந்து நாள் பயிற்சி, புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவதற்கு. ஒரு பை, ஒரு பேனா, தேநீர் இடைவேளை, குழுப் புகைப்படம். நான் எதிர்பார்த்தபடியேதான் இருந்தது. மூன்றாம் நாள், சொல்லிக்கொடுத்த பையனை மடக்குவதற்காகக் கேட்டேன்: "ஒரு புத்தகம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு இதுல எழுத முடியுமா?"

"முடியுங்க மேடம். கீழ 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. 'கால் மணி'ன்னு போட்டு வெச்சா, அப்புறம் அதைய வெச்சே தேடலாம். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லைங்க."

நீ முதல் நாளே கேட்டிருப்பாய். ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்று நான் நினைத்த இடத்தில் உன் அலமாரிக்கு ஒரு கட்டம் இருந்தது, மல்லிகா. 

நேற்று சித்ராவிடமும் பழக்க தோஷத்தில், "மே மாசம் சீசன்..." என்று ஆரம்பித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு விண்ணப்பத்தின் ஓரத்தை விரலால் நீவினாள். யாரோ முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், மேடம் இதைத்தான் சொல்லுவார் என்று. பாதியில் நிறுத்தினேன். மீதியை எப்படி முடிப்பதென்று தெரியாமல், "வெச்சுட்டுப் போ" என்றேன்.

இப்போது முடிக்கிறேன். பரிந்துரை எழுதியாகிவிட்டது. நான்கு வரி. உன்னைப் பற்றி எழுதியிருக்க வேண்டிய நான்கு வரி, பெயர் மட்டும் வேறு. அந்த வகுப்பின்மேல் எனக்கு இன்னும் பெரிய நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் சந்தேகப்படும் வசதியைச் சித்ராவும் படித்துவிட்டு வந்து சம்பாதித்துக்கொள்ளட்டும்.

கிளையை யார் திறப்பது என்றுதானே மூன்று வருடம் கேட்டேன்? நான் திறக்கிறேன். என் ஈட்டிய விடுப்பு சேர்ந்து கிடக்கிறது. அவள் திரும்பும்வரை, குன்னூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, நானே திறக்கிறேன். முதல் வேலையாக உன் மூன்று சீட்டுகளையும் ஒட்டுவேன். எந்தப் புத்தகம் கால் மணி, எது அரை மணி என்று எனக்குத் தெரியாது. ராஜம்மாவைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர் முன்னால் மேடம் என்றும், யாரும் இல்லாதபோது வேறு விதமாகவும் நீ கூப்பிட்ட, ஒருமுறைகூட அதற்கு 'ம்' கொட்டாத,
உன் அக்கா.