மத்தியானத்தில் கேட்ட பாட்டு

என் கண்ணான அம்மைக்கு,

நீ இறந்துபோன பிறகு பாளையங்கோட்டைக்கு நான் அதிகம் வருவதில்லை. போன மாதம்தான் திசையன்விளையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு தம்பி சாமுவேலைப் பார்க்கப் போனேன். அங்கே கண்டதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? சொல்லி முடிக்கும்போதாவது எனக்கு ஏதும் விளங்குகிறதா, பார்ப்போம்.

கோயில் தெருவில் நம் வீட்டுக்கு ஒரு பேர் உண்டே, பாட்டுக்காரர் வீடு என்று. எங்களைப் பெற்ற ஐயா கையை ஓங்கிக்கொண்டு உன் பக்கம் வந்தால் நானும் தம்பியும் முற்றத்தில் நின்று ஞானப்பாட்டு எடுப்போம். "சத்தமாப் பாடுங்க மக்கா" என்று நீதான் பழக்கினாய். உன் அழுகை தெருவுக்குக் கேட்கக்கூடாது. தெருவோ நம் பக்தியை மெச்சியது. குருவானவர் பிரசங்கத்திலேயே நம்மைப் புகழ்ந்தார். ஐயா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அது வெட்கமா, அடக்கமா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்களில் உரக்கப் பாடியவன் தம்பிதான். "நான் வளந்தா எம் பெண்டாட்டிய ஒரு சொல்லு சொல்ல மாட்டேங்க்கா" என்று என் மடியில் கிடந்து அழுதவன்.

என் வீட்டுக்காரர் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் வேலிக்குள் வந்த ஆட்டை அவர் அதட்டினாலும் என் வாய் தானாகப் பாடத் தொடங்கிவிடுகிறது. "ஏட்டி, ஆட்டுக்குமா பாட்டு?" என்று சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். பாட்டை நிறுத்தத்தான் நேரமாகும்.

நான் போய் இறங்கியது மத்தியானம். தம்பி இப்போது குடியிருக்கும் நம் வீட்டுக்குள் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மை வாசலுக்கு வந்து, "கேட்டியா லேயா? ஒங்கள மாதிரியே பாடுது பிள்ளைய" என்று பூரித்துப்போனார். நான் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

நாங்கள் நின்ற அதே முற்றத்தில் தம்பியின் பிள்ளைகள் நின்றார்கள். சின்னவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். உள்ளே அவன் மனைவி எஸ்தர், உதட்டில் ரத்தத்தோடு.

"என்னலே இது?"

"ஒண்ணுமில்லக்கா, பிள்ளைய பாடுது."

"யாருலே பாடச் சொல்லிக்கொடுத்தா?"

எஸ்தர்தான் சொன்னாள்: "அவியதான் மைனி. பாடினா பயம் தெரியாதுன்னு."

அப்படியானால் பிள்ளைகளின் பயம் அவனுக்குத் தெரியும்தானே, அம்மை? தெரிந்துமா கை ஓங்கினான்? தம்பி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அடிக்கவா, அணைக்கவா என்று புரியாமல் மரம்போல நின்றேன். சிறுவயதில் நாங்கள் பாடாமல் இருந்திருந்தால் பெரியம்மையாவது வந்து கதவைத் தட்டியிருப்பாரா?

எஸ்தரையும் பிள்ளைகளையும் அன்றே வண்டியில் ஏற்றி வந்துவிட்டேன்; இப்போது என்னோடு இருக்கிறார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கத் தம்பி ஆள்மேல் ஆள் அனுப்புகிறான். குடும்பத்தைப் பிரித்தவள் என்று தெரு என்னை ஏசுகிறதாம். ஏசட்டும். ஆனாலும் அவன் நினைவு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நேற்று சின்னவள் கிணற்றடியில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து நின்று கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். "பாடாத மக்கா, அழு" என்றேன். எப்படி என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஊரே கேட்க அவள் வாய்விட்டு அழும் நாள்வரை அந்தப் பாட்டுக்காரர் வீட்டுப் படியை அவள் மிதிக்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் அழப் பழகாத உன் மூத்த மகள்,
லேயாள்