பதினேழு படி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
4.9.2024

தம்பி சுயம்புலிங்கத்துக்கு,

போனில் உன் குரலைக் கேட்க மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அத்தான் போய்ப் பத்தொன்பது நாளாகிறது. பதினாறாம் நாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "தம்பி ஆம்புலன்ஸ்ல இருந்துமா இப்பிடி?" ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அன்றைக்கென்று உன் வண்டியே வந்தபோது ஆண்டாள் அனுப்பினாள் என்று நினைத்தேன். ஈசிஜி எடுத்து ஹார்ட் அட்டாக் என்று சொன்னவனும் நீதான். பிறகு எப்படி அவரை மாடியிலிருந்து நடக்கவிட்டாய்? பதினேழு படி. கடைசிப் படியில் சரிந்தவர் எழுந்திருக்கவேயில்லை. பதில் சொல்.

பாண்டிசெல்வி

ராஜபாளையம்,
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டதால் சொல்கிறேன். மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரை விரித்தேன். ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்றும் சொன்னேன். நீதான் குறுக்கே நின்றாய். "ஏலே, உசிரோட இருக்கிற மனுசனப் படுக்க வச்சா வாசலத் தாண்டுவே? வெளங்குமா? அவிய நடந்தே வருவாவ" என்றாய். அத்தானும் உனக்காகச் செருப்பை மாட்டினார். வேறு வீடாக இருந்தால் சத்தம் போட்டுத் தூக்கியிருப்பேன். அம்மா போன பிறகு நீ அடித்து வளர்த்த பிள்ளை நான், உன் பேச்சைத் தட்டத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன். கை இன்னும் வலிக்கிறது.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வீட்டுக்கு வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தம்பி
சுயம்பு

ராஜபாளையம்,
21.10.2024

அக்கா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. போன வாரம் தளவாய்புரத்தில் ஒரு வீடு. அங்கேயும் அதே பேச்சு, அந்த அம்மா வாசலில் கையை விரித்து மறித்தார். தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, படுக்க வைத்தே தூக்கினேன். ஆள் பிழைத்துக்கொண்டார். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சுயம்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
26.10.2024

சுயம்பு,

மறித்தது நான்தான். அதை நினைக்காமல் ஒரு நாளும் விடியவில்லை. ஆனால் தளவாய்புரத்துக்காரியைத் தள்ளிய கை அன்றும் உனக்கு இருந்ததுதானே? என்னையும் தள்ளியிருந்தால் பத்து நாள் உனக்கு முகம் கொடுத்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். பதினோராம் நாள் நானே உன் அத்தானைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பேன்.

சின்ன வயதிலிருந்து என் பேச்சைக் கேட்டவன் நீ. இதையும் கேள். இனிமேல் எழுதாதே. வரவும் வேண்டாம்.

பாண்டிசெல்வி