ஏரியில் எத்தனை மீன்

ஏரிக்கரைக் குடியிருப்பு,
உத்திரமேரூர் வழி.
ஆடி மாதம் ஆறாம் தேதி.

அன்பு மகள் தேவிக்கும் மாப்பிள்ளை தேவராஜுக்கும் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் சௌமியாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், குடகு மழையில் நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. உன் மகளுக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. அந்த உறைவிடப் பள்ளித் தேர்வில் அவள் தேறவில்லை என்று மே மாதம் உனக்குப் போனில் சொன்னேனே, அது உண்மை இல்லை. எனக்கும் அப்போது தெரியாது. அவள் தேறியிருக்கிறாள். மாவட்டத்தில் ஏழாவது ஆளாகத் தேறியிருக்கிறாள். அந்த இடம் எங்களுக்கு வேண்டாம் என்று நம் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியது நம் பள்ளிக்கூடத்து மாதவி டீச்சர். அதன் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது.

இதைப் போனில் சொல்ல முடியாது. உங்கள் தோட்டத்தில் டவர் வருவதும் போவதுமாக இருக்கிறது, நீ மேட்டில் ஏறி நின்று பேசினாலும் பாதி வார்த்தை மழையில் போய்விடும், மீதியைக் கேட்டு நீ அழத் தொடங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. முதலிலிருந்து சொல்கிறேன். ஏனாத்தூர்ப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற பள்ளி அது. வயதுக்கு மீறி அறிவு ஓடுகிற சின்னப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, நான்காம் வகுப்பிலிருந்து தங்க வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு முப்பது பேர்தான். சௌமியாவின் பெயரை அனுப்பியதே மாதவி டீச்சர்தான், அதை நான் மறைக்கமாட்டேன். மாசி மாதம் தன் வண்டியில் உட்கார வைத்துக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போய், தேர்வு முடிந்ததும் தோசை வாங்கிக் கொடுத்துக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு அவருக்கே தலைகால் புரியவில்லை. எழுத்துத் தேர்வு முடிந்து வாய்மொழியாகக் கேட்கும்போது, ஓர் ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று ஏரியை வற்ற வைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அங்கிருந்த சார் கேட்டாராம். மற்ற பிள்ளைகள் வலை போடலாம், எண்ணலாம் என்றார்களாம். இவள், நூறு மீன் பிடித்து வால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி மறுபடி ஏரியிலேயே விட்டுவிடுவேன், நாலு நாள் கழித்து இன்னொரு நூறு பிடித்து அதில் எத்தனை வால் வெட்டினது என்று பார்ப்பேன், பத்து இருந்தால் ஏரியில் ஆயிரம் என்று சொன்னாளாம். சார் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு யாரும் இல்லை என்றாளாம்.

யாரும் இல்லை என்பது சத்தியம். நானும் சொல்லித் தரவில்லை, எனக்கே தெரியாது. போன ஐப்பசியில் மதகுப் பக்கம் தூண்டில் போட்டபோது ஒரு சின்னக் குரவை மீன் மாட்டியது, வால் பாதி அறுந்தது, பிழைத்துப் போகட்டும் என்று விட்டேன். ஒரே வாரத்தில் அதுவே மூன்று தரம் மாட்டியது. நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை, "திரும்பத் திரும்ப அதுவே வருதுன்னா ஏரில மீனு கம்மியாக் கீதுன்னு அர்த்தம் தாத்தா" என்றாள். ஐம்பது வருஷமாக அந்த ஏரியில் மீன் பிடிக்கிறேன், எனக்கு ஒருநாளும் தோன்றாதது எட்டு வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது.  இந்தப் பிள்ளையை நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பயமாக இருந்தது.

இனி என் தப்பைச் சொல்கிறேன். உன் தாத்தா அரிசி மில்லில் முன்பணத்துக்காக ஒரு வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்தார், அதில் என்ன எழுதிக்கொண்டார்கள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, நாங்கள் ஒன்பது வருஷம் அந்த மில் கேட்டைத் தாண்டவில்லை. நான் எழுத்துக் கற்றது அங்கேதான், மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்தைக் கரித்துண்டால் தரையில் எழுதி எழுதி. வெளியே வந்த நாளிலிருந்து படிக்காத தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை, அது உனக்கே தெரியும், உன் கல்யாணப் பத்திரிகையைக்கூட மூன்று தரம் படித்தவன். இந்தக் குடியிருப்புக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பதினோரு வருஷம் மனு எழுதியவன். நானும் ஓர் உறுப்பினனாக இருக்கிற பள்ளிக் குழுவின் தீர்மான நோட்டில் மற்ற எல்லோரும் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள், டீச்சர் பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். நான் மட்டும் எழுதி முடித்தால்தான் போடுவேன் என்று நிற்பேன். டீச்சர் அலுத்துக்கொள்வார், ஆனால் எழுதிவிட்டுத்தான் நோட்டைத் தருவார்.

சித்திரை நடுவில், பள்ளிக்கு லீவு விடுவதற்கு முன்னால், சொர்ணவாரி நெல் நடவு நடந்தது. நாற்று முடி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன், முழங்கால் வரை சேறு. சௌமியா வரப்பு மேல் ஓடி வந்தாள், கையில் தீர்மான நோட்டு. "டீச்சருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சாம் தாத்தா, சீக்கிரம் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். பக்கம் வெற்றாக இருந்தது. பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பேத்தியை வண்டியில் வைத்துக் காஞ்சிபுரம் அழைத்துப் போன மனுஷி என்ன கெடுதல் எழுதிவிடப் போகிறார் என்று நினைத்தேன். கை ஈரம் நோட்டில் படக்கூடாது என்று வேட்டியில் துடைத்துக்கொண்டேன், வைத்து எழுத இடம் இல்லை, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி அவள் முதுகில் நோட்டை வைத்துப் போட்டேன். கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். நோட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மே மாதக் கடைசியில் வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. டீச்சரிடம் கேட்டேன், அடுத்த முறை பார்க்கலாம் என்றார், கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை. மார்க்கைக் காட்டுங்கள், எங்கே குறைந்தது என்று தெரிந்துகொள்கிறேன் என்று போன வாரம் பஸ் ஏறி அந்த அறக்கட்டளை அலுவலகத்துக்கே போனேன். காலையில் போனவனை மத்தியானம் கூப்பிட்டார்கள். அங்கிருந்தவர் நல்ல மனுஷர்தான், ஃபைலைத் திறந்து, உங்கள் பேத்தி ஏழாவது இடம், சித்திரையிலேயே பள்ளிக்குத் தெரிவித்தோம், நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று சொல்லித் தீர்மான நோட்டுப் பக்கத்தின் நகலைக் காட்டினார். பெற்றோர் வெளிமாநிலத்தில் கூலி வேலை செய்கிறார்கள், குழந்தை சிறியவள், வெளியில் தங்கிப் படிக்க வைக்கக் குடும்பத்தாருக்கு விருப்பம் இல்லை, இதைக் குழு ஏகமனதாகத் தீர்மானிக்கிறது என்று இருந்தது. "கையெழுத்து உங்களுதுதானே பெரியவரே" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  இப்போது சேர்க்க முடியுமா என்றதற்கு, அந்த இடம் முப்பத்தோராவதாக இருந்த தாமல் பக்கத்துப் பிள்ளைக்குப் போய்விட்டது, நான்காம் வகுப்பில் மட்டும்தான் சேர்ப்போம், அடுத்த வருஷம் உங்கள் பேத்தி ஐந்தாம் வகுப்பு என்றார். தாமல் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதானாம். அதைக் கிளப்பிவிட்டு இவளை உட்கார வையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "இவ போயிட்டா பதினாலு பேர்தான் ஐயா. பதினஞ்சுக்குக் கீழ போனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோட சேர்த்துடுவாங்கன்னு பேச்சு இருக்கு. லாரி போற ரோட்டை ஒண்ணாங்கிளாஸ் குழந்தைங்க எப்படித் தாண்டும்? நீங்க எழுதி வாங்கின பள்ளிக்கூடம் ஐயா இது" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். குழுத் தலைவன் பெருமாள், நம் எதிர்வீட்டுக்காரன், அவனுக்கு முதலிலேயே தெரியுமாம். தெருவில் நாலு பேர் கேட்க, "இன்னா மாமா, ஒரு புள்ளைக்காவ பதினாலு புள்ளைய ரோட்ல நிக்க வைக்கச் சொல்றியா? உன் பேத்தி எங்க இருந்தாலும் பொயச்சிக்கும்" என்றான். பதினாலு பிள்ளைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் அவர்கள் செய்தது சரி ஆகிவிடாது. என்னிடம் கேட்டிருக்க வேண்டும், உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள். படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார்கள், அது நல்லது, செய்ய வேண்டியது. இவளுக்கு என்ன தருகிறார்கள் தெரியுமா, ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதிகாரி வந்தால் எழுந்து நின்று படித்துக் காட்டும் வேலை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை முடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க அ, ஆ எழுதுகிற கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் இப்போது முன்னைப் போல் இல்லை. கேள்வி கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதகுக்குக் கூப்பிட்டேன், வந்தாள், மீனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே, "அந்த மீனு கேள்விக்கு நான் தப்பா சொல்லிட்டேன் போல தாத்தா" என்றாள். நான் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். உன் அம்மா ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஊரெல்லாம் தாளைப் படி படி என்று சொன்ன வாய்தானே என்று ஒரே ஒரு தரம் சொன்னாள், அதோடு சரி.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு இறங்கவும், ஈரத் துணியோடு படுக்க வேண்டாம், மாப்பிள்ளையின் இருமலுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் காட்டவும். ஏரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும், நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றும் மாறப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஆக வேண்டியது இன்னதென்று எழுதி வைக்கிறேன், மறக்காமல் வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஆவணி பிறப்பதற்குள் இரண்டு நாளாவது வர வேண்டும், எங்களுக்கு விருப்பம் உண்டு, எங்களை யாரும் கேட்கவில்லை என்று உங்கள் கையால் எழுதி அந்த அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்தப் பள்ளிக்காரர்கள் இடம் இல்லை என்பதை எழுத்தில் தர வேண்டும், வருஷத்துக்கு முப்பது பேர் என்று நிறுத்தினால் முப்பத்தோராவது பிள்ளை எங்கே போகும் என்பதற்கும் அவர்களே பதில் சொல்ல வேண்டும். மாதவி டீச்சர் தான் செய்ததைத் தீர்மான நோட்டின் அடுத்த பக்கத்தில் தன் கையால் எழுத வேண்டும், சௌமியாவிடமிருந்து ஒன்றாம் வகுப்பை வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தர வேண்டும். பெருமாள் திருமுக்கூடல் பக்கத்துச் செங்கல் சூளையில் இருக்கிற நம் ஜனங்களின் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து பள்ளியில் சேர்க்க வேண்டும், தலை எண்ணிக்கைக்கு என் பேத்தியின் தலை வேண்டாம். கடைசியாக ஒன்று இருக்கிறது. மீன் கேள்விக்கு அவள் சொன்ன பதில் சரி என்று அவளிடம் சொல்ல வேண்டும், சரி என்றால் பிறகு ஏன் என்று கேட்பாள், அந்த நோட்டைச் சுமந்துகொண்டு வந்தது அவள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் செய்ய வேண்டியவன் நான். இன்னும் செய்யவில்லை.

இப்படிக்கு,
மேலே உள்ளதை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் உன் நைனா,
பொன்னன்